முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் இரண்டு மாதத்துக்குள் மூன்று வீடுகளில் களவு. ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டர், இன்னொன்றில் காஸ் சிலிண்டர், மூன்றாவதில் நகை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தும் பலனில்லை. இளைஞர்கள் இருபது பேர் சேர்ந்து 'ஊர்காவல் படை' என்ற பெயரில் பொல்லும் டோர்ச்சுமாக இரவு ரோந்து போக முடிவெடுத்திருக்கிறோம். ஒரே நிற டீசேர்ட்டுக்கும் ஓடர் கொடுத்தாயிற்று. தங்கள் ஆலோசனை என்ன?
— வாசகர் ஒருவர், பாலையூற்று, திருகோணமலை

பதில்: டீசேர்ட்டில் பெயரை அச்சடித்துவிட்டார்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லி நிறுத்துங்கள்.

'ஊர்காவல் படை' என்று திருகோணமலையில் சாதாரணமாகச் சொல்ல முடிகிறதென்றால் உங்களுக்கு வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். அது 1980களில், யுத்த காலத்தில், அரசாங்கம் ஊர் ஆட்களிடம் துவக்கைக் கொடுத்து அமைத்த படையின் பெயர். 2006இல்தான் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று மாறியது. ஒரு கிராமத்துக்குக் காவலாக நின்ற துவக்கு அடுத்த கிராமத்துக்கு வேறு மாதிரித் தெரிந்த காலம் அது. ஐம்பது தாண்டிய ஓர் அம்மாவின் கேற்றை இரவு பத்து மணிக்குத் தட்டி, "அம்மா, ஊர்காவல் படை வந்திருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்த பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

சரி, பெயரை விடுவோம். மூன்று களவும் எந்த நேரத்தில் நடந்தன? கடிதத்தில் அது இல்லை. மோட்டர் இரவில் போயிருக்கலாம். நகை? வீட்டார் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போயிருந்த பகல் வேளையாக இருந்தால் உங்கள் இரவு ரோந்தால் என்ன பயன்? காலை பத்து மணிக்கு உங்கள் ஒழுங்கையில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். இருபது பேரும் வேலைக்குப் போயிருப்பீர்கள், அல்லது ராத்திரி முழுக்க நடந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். விறாந்தையில் இருந்து அரிசி புடைக்கும் ஆச்சி இருப்பார். யன்னலோரம் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா இருப்பார். பென்சன் எடுத்த வாத்தியார் பேப்பரோடு இருப்பார். எந்த ஓட்டோ எந்த வீட்டுக்கு வரும், எந்த மோட்டர் சைக்கிள் ஒரே நாளில் இரண்டு தடவை சும்மா சுற்றியது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உங்கள் குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. எனக்கென்னவோ, காவல் ஏற்கெனவே இருக்கிறது, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் படுகிறது.

அடுத்தது பொல்லு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு பொதுமகனுக்கும் ஒருவரைப் பிடிக்கும் அதிகாரம் தருகிறது. கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்பவரையோ, அப்படிச் செய்துவிட்டு ஓடுகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடியவரையோ பிடிக்கலாம். பிடித்தால் தாமதமில்லாமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி வைக்கலாம், 'கொஞ்சம் கவனிக்கலாம்' என்றெல்லாம் அதில் ஒரு வரியும் இல்லை. கவனித்தால் கூண்டில் ஏறப்போவது நீங்கள்தான்.

2011 ஓகஸ்ட் மறந்துவிட்டதா? உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் வீடு புகுகிறார்கள் என்ற 'கிறீஸ் பூதம்' பயத்தில் கிழக்கு முழுக்க ஆட்கள் தூங்காமல் தெருவில் நின்றார்கள். நமக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் கூட்டம் கடற்படை முகாம் வரை போய் மோதலாகியது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரை அடித்தே கொன்றார்கள். அவர்கள் எல்லோரும் உங்களைப் போலத் தங்கள் வீட்டைக் காக்கக் கிளம்பியவர்கள்தான்.

அயல் கண்காணிப்புக் குழு என்பதை அமெரிக்காவில் 1972இல் ஷெரிஃப்களின் தேசியச் சங்கம் முன்னெடுத்தது. பிரித்தானியாவில் 1982இல் மோலிங்டன் என்ற கிராமத்தில் ஆரம்பித்தார்கள். அங்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: பார், பொலிஸுக்குச் சொல், பின்னால் போகாதே. 2012இல் புளோரிடாவின் சான்ஃபோர்டில் இப்படிக் குழுவில் இருந்த ஒருவர் பின்னால் போனார். போக வேண்டியதில்லை என்று தொலைபேசியில் பொலிஸ் தரப்பில் சொல்லியிருந்தார்கள். சற்று நேரத்தில் டிரேவோன் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையன் சுடப்பட்டு இறந்தான். கடைக்குப் போய் இனிப்பும் குடிபானமும் வாங்கி வந்துகொண்டிருந்தவன். கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு நடுச்சாமம், மதிலுக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம். விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வீரமாகப் போய் டோர்ச் அடித்தேன். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று என் மனைவியின் செவ்வரத்தையை மொட்டோடு சேர்த்து மென்றபடி என்னைப் பார்த்தது. இருட்டில் நின்றது மானாக இருந்ததால் தப்பியது. பாதை தவறிய ஒரு மனிதனாக இருந்து, நானும் தனியாக இல்லாமல் இருபது பேரோடு போயிருந்தால்?

குழுவே வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போய், உங்கள் பிரிவில் சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். மேலே சொன்ன திணைக்களம் வேறு, இது பொலிஸோடு சேர்ந்து இயங்கும் ஊர்மக்கள் குழு. இருந்தால் அதில் சேருங்கள். தூங்குகிறதென்றால் எழுப்புங்கள். அப்புறம் ஒரு கொப்பியோடு வீடு வீடாகப் போங்கள். சிங்கள வீடு, முஸ்லிம் வீடு, போன மாதம் வாடகைக்கு வந்தவர் வீடு, ஒன்றையும் விடாதீர்கள். விட்ட வீட்டுக்காரர்தான் நாளைக்கு உங்கள் 'சந்தேக நபர்' ஆவார். தொலைபேசி எண்ணை எழுதுங்கள், வெளியூர் போனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று கேளுங்கள். தண்ணீர் மோட்டரின் உடம்பில் தகட்டில் ஒரு தொடர் இலக்கம் இருக்கும், அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். களவுபோன மோட்டர் பொலிஸ் கையில் அகப்பட்டாலும், 'நீல நிறம், கொஞ்சம் துரு' என்ற அடையாளத்தை வைத்து யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

வட்ஸ்அப் குழு தொடங்குவதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் தெரியாத ஒருவரின் படத்தைப் போட்டு 'இவன்தான் கள்ளன், பகிரவும்' என்று எழுதுபவரை அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்முன்னே ஏதாவது நடந்தால் 119. வாகன இலக்கம், உடுப்பின் நிறம், எந்தப் பக்கம் போனது, இவ்வளவும் போதும்.

உங்கள் ஒழுங்கை முனையில் தெரு லைற் எரிகிறதா? அதையும் நீங்கள் எழுதவில்லை. எரியவில்லையென்றால் கம்பத்தின் இலக்கத்தோடு சபைக்கு ஒரு கடிதம் கொடுத்து, திகதி முத்திரையோடு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டீசேர்ட் காசு திரும்பிக் கிடைத்தால், அந்த லைற் வரும்வரை முனை வீட்டு மதிலில் போட இரண்டு எல்ஈடி பல்ப் வாங்கலாம். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதை உங்கள் முதல் கூட்டத்தில் பேசுங்கள்.