டெக்கில் என் மகனுக்கு என்ன வேலை?

கப்பல் வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, 34 ஆண்டுகள் கடலில் இருந்து சாரங்காக, அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரியாக, ஓய்வு பெற்று இப்போது மும்பை செம்பூரில் வசிப்பவர் பதில் சொல்கிறார்.

என் மகன் கடைநிலை மாலுமிகளுக்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சி முடித்துவிட்டான். அடுத்த மாதம் நவசேவாவில் கப்பல் ஏறுகிறான். டெக்கில், அதாவது கப்பலின் மேல்தள வேலையில், போட்டிருக்கிறார்களாம். "துரு சுரண்டி பெயின்ட் அடிக்கிற வேலைதானே" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அங்கே யாருக்குக் கீழே வேலை செய்வான்? அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் அண்ணா?
— தாராவி வாசகி ஒருவர்

தங்கச்சி, கடைசிக் கேள்வியைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. 1984-ல் தூத்துக்குடியிலிருந்து வந்து, மஸ்ஜித் பந்தரில் மாலுமிகள் விடுதியில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தபோது அம்மாவும் கடிதத்தில் இதையேதான் கேட்டிருந்தார்.

டெக் முழுவதும் சீஃப் ஆபீசர் பொறுப்பு. சரக்கு ஏற்றுவது, கப்பல் சாயாமல் எடையைச் சரிபார்ப்பது எல்லாம் அவர்தான். தினமும் அவரிடம் வேலையைக் கேட்டுவந்து ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர் போசன். அவரைத்தான் நாங்கள் சாரங் என்போம். அந்தக் காலத்தில் அவருக்கு அடுத்து டிண்டல், சாமான் அறைக்கு கசாப், சுக்கான் பிடிக்க சுக்கானி என்று ஒரு கூட்டமே இருக்கும். இப்போது ஆட்கள் குறைவு. போசன், ஏ.பி. (தேர்ந்த மாலுமி), ஓ.எஸ். (சாதாரண மாலுமி), அதற்கும் கீழே டிரெய்னியாக உங்கள் மகன். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் போசன். நல்ல போசன் என்றால் முதல் சில வாரம் புதுப் பையனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. துரு தினமும் உண்டு. சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் பெயின்ட். உப்பைச் சரியாகக் கழுவாமல் அடித்தால் சீக்கிரமே பெயின்ட் கொப்புளித்துக் கிளம்பிவிடும். பார்க்க எளிய வேலை, பொறுமை இல்லாதவனுக்கு வராது.

நிலக்கரி, தானியம் போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பல் கிடைத்தால் ஹோல்டு, அதாவது சரக்கு அறை, சுத்தம் செய்வதுதான் இடுப்பை ஒடிக்கும். நிலக்கரி இறக்கிய ஹோல்டில் அடுத்து கோதுமை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலிலேயே கூட்டி, கடல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, சட்டங்களுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கரித்தூளைக்கூடத் துடைத்தெடுக்க வேண்டும். துறைமுகத்தில் சர்வேயர் ஏறி வந்து வெள்ளைத் துணியால் ஓர் இடத்தைத் தேய்த்துப் பார்ப்பார். கறுப்பு தெரிந்தால் ஏற்ற முடியாது, மறுபடி முதலிலிருந்து.

ஹோல்டு என்றதும் இன்னொன்று. இதை உங்கள் மகனிடம் நீங்களே சொல்லுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். நிலக்கரி, மரத்தடி, பழைய இரும்பு எல்லாம் மூடிய அறையில் அதைத் தின்றுவிடும். வாசனையும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது, ஏணியில் இறங்கும்போதே ஆள் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க ஓடும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவான். கருவியால் காற்றை அளந்து, அனுமதிச் சீட்டில் ஆபீசர் கையெழுத்துப் போடாமல் மூடிய இடத்துக்குள் இறங்கவே கூடாது. போசனே "சும்மா இறங்குடா" என்று சொன்னாலும் கூடாது. நான் போசனாக இருந்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் கயிறு. கப்பலைத் துறையில் கட்டும்போது பெரும்பாலும் முன்பக்கம் சீஃப் ஆபீசரும் போசனும், பின்பக்கம் செகண்ட் ஆபீசரும் நிற்பார்கள். வின்ச்சில் (கயிறு இழுக்கும் இயந்திரத்தில்) விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி வீசும். ஒரு முறை பின்பக்கத்தில் புதிதாக வந்த பையன் ஒருவன் கயிற்றின் நேர்கோட்டில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். சில நொடிகளில் கயிறு அறுந்து, அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியை வளைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. டெக்கில் எப்படி இழுப்பது என்று கற்பதற்கு முன் எங்கே நிற்கக் கூடாது என்று கற்க வேண்டும். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

கொஞ்ச நாள் போனால் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் வாட்ச், அதாவது காவல் முறை, கிடைக்கும். பகலிலும் இரவிலும் 12 முதல் 4 வரை செகண்ட் ஆபீசர், 4 முதல் 8 வரை சீஃப், 8 முதல் 12 வரை தேர்ட் ஆபீசர் என்பது பழைய வழக்கம். இரவில் உங்கள் மகன் கடலைக் கண்காணிக்கும் லுக்அவுட்டாக நிற்பான். தூரத்தில் விளக்கு தெரிந்தால் எந்தப் பக்கம், என்ன நிறம் என்று உடனே ஆபீசரிடம் சொல்ல வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும், எனவே மொபைலைப் பார்த்துவிட்டு நேராக வந்து நின்றால் பயனில்லை. சுக்கான் பிடிக்கும்போது "ஸ்டார்போர்டு டென்" (வலப்பக்கம் பத்து டிகிரி) என்று ஆணை வந்தால் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வெட்கப்பட்டு முணுமுணுக்கும் பையன்கள் இதில்தான் திட்டு வாங்குவார்கள்.

ஓய்வு பற்றியும் கவலைப்படுவீர்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கான பதிவேட்டில் அவன் கையெழுத்துப் போடுவான். உண்மையான நேரத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

டெக் டிரெய்னியாக ஏற்றிவிட ஏஜென்ட் ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— சயான் கோலிவாடா வாசகர்

கொடுக்காதீர்கள். கடல் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ன்படி வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமி அடையாளப் புத்தகம், மருத்துவச் சான்று போன்ற செலவுகள் நம்முடையவை, அவ்வளவுதான். அந்த ஏஜென்ட்டிடம் ஆர்.பி.எஸ்.எல். எனப்படும், மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். கஞ்சூர்மார்க்கில் இருக்கும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. டெக் வேலைக்குப் போகலாமா?
— முலுண்ட் வாசகி

முடியாதம்மா. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அது எந்தத் திசையில் போகிறது என்பதே அந்த நிறத்தை வைத்துத்தான் தெரியும். பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கப்பலில் சமையல் பிரிவும் இருக்கிறது. அதற்கான நிறப்பார்வை விதி என்ன என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.