மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) கலைஞர் நவோகி உராசாவாவின் 'புளூட்டோ', மங்கா முன்னோடி ஒசாமு தெசுகாவுக்குச் செய்த மரியாதை என்கிறார்களே, எப்படி?

தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' மங்காவில் 1964-65இல் ஒரு கதை வந்தது. உலகின் பலசாலி ரோபோக்களை ஒவ்வொன்றாக அழிக்கும் புளூட்டோவின் கதை. சிறுவயதில் அதைப் படித்து மயங்கிய உராசாவா, 2003இல் அதையே புதிதாக வரையத் தொடங்கினார். கதைப்படி, ரோபோ சிறுவனான ஆஸ்ட்ரோ பிறந்த ஆண்டும் அதுதான்.

தெசுகாவின் மகன் மகோதோ முதலில் சம்மதிக்கவில்லை. அப்புறம் ஒப்புக்கொண்டபோது, அப்பாவைப் போல வரையாமல் சொந்தப் பாணியிலேயே வரையச் சொன்னார். என்னைக் கேட்டால், 'புளூட்டோ' வெறும் நகலாகாமல் தப்பித்ததே அதனால்தான்.

மூலத்தில் கொஞ்ச நேரமே வந்துபோகும் துப்பறியும் ரோபோ கெசிக்ட்தான் இங்கே நாயகன். ஆஸ்ட்ரோவோ, முதல் தொகுதியின் கடைசியில், மழையில் நிற்கும் சாதாரணப் பையன். கொம்புபோல் நிற்கும் அந்தப் பழைய முடி இல்லை. ஆனாலும் அவன்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.