ஆயிரம் வருடப் பகையா?

கேள்வி: யூதர்களும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடித்துக்கொள்கிறார்கள். இஸ்ரேல் - பாலஸ்தீனம் தீராத மதச் சண்டைதானே? இதில் நியாயம் பேசுவது வீண் வேலை இல்லையா?

பதில்: இல்லை. 1492இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியபோது இடம் கொடுத்தது துருக்கி சுல்தானின் ஆட்சி. ரஷ்யாவில் 1881இலிருந்து யூதர்கள் மீது நடந்த தாக்குதல்களும், பின்னால் ஹிட்லர் செய்த யூதப் படுகொலையும் ஐரோப்பாவின் குற்றங்கள். தனக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று யூதர்கள் தவித்ததை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது ஐரோப்பா அல்ல.

1917 நவம்பர் 2இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய உதவுவோம் என்கிறார். அன்று ஜெருசலேம்கூட பிரிட்டன் கைக்கு வரவில்லை! அங்கே வாழ்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அரபிகள். முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சிவில் உரிமை, மத உரிமை என்று எழுதியவர், அரசியல் உரிமை பற்றி மூச்சு விடவில்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சண்டையின் வேர் இங்கே இருக்கிறது.

அப்புறம் பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றம் பெருகியது, ரத்தமும் சிந்தியது. 1929இல் அங்கே ஹெப்ரான் என்ற ஊரில் 60க்கு மேற்பட்ட யூதர்களை அரபிக் கும்பல் கொன்றது. அதே ஊரில் பக்கத்து வீட்டு அரபிகள் நூற்றுக்கணக்கான யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1947இல் ஐ.நா. பாலஸ்தீனத்தை இரண்டு நாடுகளாகப் பிரிக்கத் தீர்மானம் போட்டது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கு மேல். இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அரபிகள் ஏற்கவில்லை; போர் மூண்டது. 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தார்கள். திரும்ப விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று 1948 டிசம்பரிலேயே ஐ.நா. தீர்மானம் போட்டது. இஸ்ரேல் அனுமதிக்கவில்லை.

1967 போரில் பாலஸ்தீனப் பகுதிகளான மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் வசம் போயின. மேற்குக் கரையில் இன்றும் பாலஸ்தீனர்களின் ஒலிவத் தோப்புகளுக்குப் பக்கத்தில் இஸ்ரேலியக் குடியிருப்புகள் எழுகின்றன. இந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமே கருத்துச் சொல்லியிருக்கிறது. அந்த நீதிபதிகள் வேதம் பார்த்துச் சொல்லவில்லை, சட்டம் பார்த்துச் சொன்னார்கள். நீங்களும் நியாயத்தை அங்கேயே தேடலாம்.