நின்ற மெஷினில் ‘லோ சைடு’ ஏது?

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்து ஒத்தக்கடையில் ஏசி வேலை பார்க்கிறேன், அண்ணே. ஆர்22 கேஸுக்கு வாங்கிய பழைய கேஜ் செட்டை (அழுத்தம் பார்க்கும் மீட்டர்) அடாப்டர் போட்டு ஆர்32 கேஸ் ஓடும் ஸ்பிலிட் ஏசியில் மாட்டினேன். மெஷின் ஓடவில்லை. லோ சைடு அழுத்தம் காட்டும் நீலக் கேஜ் முள் கடைசிவரை போய் முட்டியது. கழற்றும்போது கேஸ் பீய்ச்சி விரல் மரத்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: முதலில் விரல், தம்பி. ஆர்32 வெளியே வந்தால் மைனஸ் 52 டிகிரியில் கொதிக்கிற சரக்கு. தேய்க்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் வை. மரப்பு போகாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம் போ. இனி கையுறை, கண்ணாடி இல்லாமல் ஹோஸைத் தொடாதே.

கம்ப்ரசர் நின்று கொஞ்ச நேரத்தில் லோ சைடு (சக்‌ஷன், கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்), ஹை சைடு (டிஸ்சார்ஜ், கேஸ் அழுத்தப்பட்டு வெளியேறும் பக்கம்) இரண்டு பக்க அழுத்தமும் ஒன்றாகிவிடும். பிறகு அதைத் தீர்மானிப்பது வெயில்தான். சித்திரையில் நம்மூர் மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட் 40 டிகிரிக்குச் சூடேறினால், ஆர்22 சுமார் 210 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கும். ஆர்32 ஏறக்குறைய 345. பழைய நீலக் கேஜ்கள் பலவும் 250-க்குள் முடிந்துவிடும். முள் முட்டாமல் என்ன செய்யும்?

ஆர்32 மெஷினில் சர்வீஸ் வாயை (ஹோஸ் மாட்டும் இடம்) பெரும்பாலும் 5/16 இஞ்ச் ஆக வைப்பதே, பழைய 1/4 இஞ்ச் ஹோஸ் ஏறக்கூடாது என்றுதான். அந்தப் பூட்டை உன் அடாப்டர் உடைத்துவிட்டது. ஆர்32 அளவுகோல் உள்ள செட் வாங்கு. ஹோஸின் மேல் 800 பிஎஸ்ஐ என்று அச்சடித்திருக்கிறதா பார். முட்டின கேஜ் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தாலும் நான் அதை நம்பமாட்டேன்.

மாட்டுமுன் கேஜ் செட்டின் இரண்டு குமிழையும் மூடு. கூலிங்கில் ஓடும்போது சக்‌ஷன் 130 சுற்றி இறங்கிவிடும். அப்போது நீல ஹோஸை மாட்டு, அப்போதே கழற்று. ஹோஸ் நுனியில் பால் வால்வு (திருப்பினால் அடைக்கும் சின்னக் குழாய்த் திறப்பு) இருந்தால் விரலுக்கு வேலையே இல்லை. டிஸ்சார்ஜ் வாய் உள்ள மெஷினில் ஹை சைடுக்கான சிவப்பு ஹோஸை ஓடும்போது தொடவே தொடாதே. நிறுத்தி, அழுத்தம் சமமான பிறகுதான். ஆர்32 தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடியும் கூடாது.

ஆர்600ஏ கேஸ் ஓடும் பிரிட்ஜில் “சும்மா பார்ப்போம்” என்று கேஜ் மாட்டாதே. உள்ளே இருப்பதே சில பத்து கிராம். ஹோஸ் குடிப்பதே பெரிய நஷ்டம். ஓடும்போது சக்‌ஷன் வேக்குவத்துக்கும் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) போகும், காற்று உள்ளே ஏறிவிடும்.

ஏசியில் ஹோஸைக் கழற்றியதும் சர்வீஸ் வாய்க்குள் இருக்கும் ஊசி வால்வில் சோப்பு நுரை வைத்துப் பார்த்துவிட்டு, பித்தளை மூடியை மறக்காமல் போடு. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன்தான் நானும்.