மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஆங்கில ‘அட்வெர்ப்’ (வினையடை) எப்படிப் புரியவைப்பது?

வரையறையை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள், நடிக்கவிடுங்கள். ஒரு டப்பாவில் ‘வாக்’, ‘ஸ்பீக்’, ‘ஈட்’ என ஐந்து வினைச் சீட்டுகள், இன்னொன்றில் ‘ஸ்லோலி’, ‘லவுட்லி’, ‘ஆங்ரிலி’. ஆளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்து நடிக்க, மற்றவர்கள் ‘எப்படிச் செய்தாள்?’ என்பதை முழு வாக்கியமாகச் சொல்லட்டும்.

‘மெதுவாக’வில் வரும் ‘ஆக’ மாதிரிதான் ‘லி’ என்றால் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள். வம்பும் அங்கேதான்: ‘ரன் ஃபாஸ்ட்’ என்பதை ‘ரன் ஃபாஸ்ட்லி’ என்பார்கள். ‘ஹார்ட்லி’க்கு ‘கடினமாக’ என்று பொருளில்லை, ‘அநேகமாக இல்லை’ என்றே பொருள். ‘ஃப்ரெண்ட்லி’யோ பெயரடை (அட்ஜெக்டிவ்). இவற்றை முதல் வாரம் தொடவே வேண்டாம்.

தமிழில் வினையடை பெரும்பாலும் வினையை ஒட்டியே நிற்கும். அந்தப் பழக்கத்தில் ‘ஷீ ரெட் ஸ்லோலி தி புக்’ என்று எழுதினால், அந்த வாக்கியத்தின் சொற்களைச் சீட்டுகளில் எழுதி மேசையில் பரப்பி ‘ஸ்லோலி’யைக் கடைசிக்கு நகர்த்திக் காட்டுங்கள்.