எடை கூடிய பையனுக்கு விளையாட்டா, டியூஷனா?

ஒன்பது வயது மகனுக்கு எடை அதிகம், கணக்கில் மனசு நிற்பதில்லை, சாயங்கால விளையாட்டை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். பி.டி. வாத்தியார் வேறென்ன சொல்வான் என்று தோன்றலாம். ஆனால் கணக்கு சார் என் பீரியடைக் கடன் கேட்டபோதெல்லாம் வாய் திறக்காமல் கொடுத்தவன்தான் நானும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரிக்காரர்கள் செய்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. 7 முதல் 11 வயதுக்குள், எடை கூடிய, ஓடியாடாத 171 பிள்ளைகள். பள்ளி விட்டதும் ஒரு பிரிவுக்கு 20 நிமிட விளையாட்டு, இன்னொன்றுக்கு 40, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், விளையாடிய பிள்ளைகளுக்கு யோசித்துத் திட்டமிடும் திறன் கூடியிருந்தது, கணக்கும் தேறியிருந்தது. விளையாட்டு நேரம் கூடக்கூடப் பலனும் கூடியது. இத்தனைக்கும் அங்கே யாரும் கணக்குச் சொல்லித்தரவில்லை! வாசிப்பில் மட்டும் மாற்றமில்லை. இதையும் சொல்லாவிட்டால் வியாபாரப் பேச்சாகிவிடும்.

ஆடியதெல்லாம் ஓட்ட விளையாட்டு, கயிறு தாண்டல், விதியைத் தளர்த்திய கூடைப்பந்து. ஜெயிப்பது முக்கியமில்லை, மூச்சு வாங்க, சந்தோஷமாக ஆட வேண்டும். இதயத்துடிப்பு சராசரி 150-க்கு மேல் போகிறதா என்று கருவி கட்டிப் பார்த்தார்கள்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மைதானத்தில் குண்டுப் பையன் என்றால் வேப்பமரத்தடியில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். உட்கார வைத்தது நான்தான், 'பாவம், ஓட மாட்டான்' என்று. அப்படி ஒருவனிடம் நோட்டை வாங்கிக்கொண்டு கயிற்றைக் கொடுத்தேன். முதல் நாள் ஏழாவது தாண்டலில் கால் சிக்கியது. மற்றவர்கள் சிரிக்கக் கூடாதென்று அவர்களுக்கும் கயிறு கொடுத்து, அவரவர் எண்ணிக்கையை அவரவர் எண்ணச் சொன்னேன். அரையாண்டுக்குள் அறுபதைத் தாண்டினான். எடை பெரிதாக இறங்கவில்லை. "இப்பல்லாம் மத்தியானம் தூங்கி விழறதில்ல சார்" என்றார் வகுப்பு டீச்சர்.

அதனால் எடை மெஷினை வைத்து அவனை அளக்காதீர்கள். சாப்பாட்டில் அவனுக்கு மட்டும் தனிப் பத்தியம் வேண்டாம். பாட்டில் ஜூஸும் சிப்ஸும் வீட்டுக்குள் யாருக்காகவும் வரக் கூடாது. இந்த வயதில் ராத்திரி 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கட்டும்.

இன்னொன்று: குறட்டை விடுகிறானா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? எடை கூடிய பிள்ளைகளுக்கு இது அதிகம். தூக்கம் கெட்டால் பகலில் பாடம் ஏறாது. அப்படியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையோ வீங்கியிருக்கலாம்.