விட்டதைப் பிடிக்க மாதம் மூவாயிரம் ஒதுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 36,000. இரண்டு வருடமாக மொபைலில் ரம்மி ஆடினேன். 2025 ஆகஸ்டில் அந்த ஆப்கள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டதால், டெலிகிராமில் வந்த லிங்க் வழியாக வேறொரு தளத்தில் ஆடுகிறேன். இதுவரை நான்கு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. பர்சனல் லோன், இரண்டு லோன் ஆப், நண்பரிடம் கைமாற்று 60,000, மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகில். எதற்காக அடகு வைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அடியோடு விட முடியவில்லை. மாதம் 3,000 மட்டும் ஒதுக்கி, கட்டுப்பாட்டோடு ஆடுவது எப்படி?

பதில்: அந்த 3,000 என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடுவோம். இருவர் ஆடும் மேசை, ஆளுக்கு 100 ரூபாய். தளம் பத்து சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 180 வரும், தளத்துக்கு 20. உங்களுக்குச் சமமான ஆள் எதிரில் இருந்தால் பாதி ஆட்டம் நீங்கள் ஜெயிப்பீர்கள். ஆனாலும் சராசரியாக ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும். இரவுக்குப் பதினைந்து ஆட்டம், மாதத்தில் இருபது இரவு: சரியாக 3,000. துரதிர்ஷ்டம் எதுவும் தேவையில்லை, சும்மா ஆடினாலே தீர்ந்துவிடும். கையைக் கடிக்காமல் இருக்கவே நூறில் 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அதுவும் எதிரில் இருப்பது மனிதர்தான் என்றால். டெலிகிராம் லிங்க்கில் வந்த தளத்தில் அதற்கு யார் உத்தரவாதம்?

நான் 22 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். இப்போது கடனில் சிக்கியவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுதான் வேலை. வருகிறவர்களிடம் பாஸ்புக்கைக் கேட்பதில்லை, எத்தனை மணிக்குப் பணம் போனது என்பது அதில் இருக்காது. யூபிஐ ஆப்பில் பழைய பரிவர்த்தனைகளைத் திறக்கச் சொல்வேன். ஒருவருடைய போனில் ஒரே இரவில் இருந்தது இது: 11.38க்கு 500. 11.51க்கு 500. 12.07க்கு 1,000. 12.20க்கு 2,000. 12.31க்கு 4,000. ஒரு மணி நேரத்துக்குள் 8,000. அதில் ஆடுவதற்கென்று போட்டது முதல் 500 மட்டும்தான். மீதி 7,500 விட்டதைப் பிடிக்கப் போட்டது.

நீங்கள் போட நினைக்கும் பட்ஜெட் அந்த முதல் 500க்கு மட்டும்தான் காவல். விட்டதைப் பிடிக்கக் கிளம்பும் பணத்துக்கு எந்த பட்ஜெட்டும் வரம்பு கிடையாது. இன்று இரவு உங்கள் போனிலும் இதைப் பாருங்கள். தொகையை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்.

உங்களுக்குக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்லமாட்டேன். பையர் சொன்ன தேதிக்கு ஷிப்மென்ட்டை ஏற்றி அனுப்புகிறவர் நீங்கள். ஆனால் காலையில் பையருக்கு மெயில் போடும் ஆள் எடுக்கும் முடிவை, நள்ளிரவில் போர்வைக்குள் போனோடு இருக்கும் ஆள் மதிப்பதில்லை. அரசுக்கும் இது தெரிந்திருந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகளில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நுழையவே கூடாது என்றார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன, சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் விதிகள் செல்லும் என்றது. நீங்கள் இப்போது ஆடும் தளத்துக்கு அந்த மணிக்கணக்கெல்லாம் கிடையாது.

இப்போது சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்கிறது. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. தண்டனை நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்களுக்கும் பணம் கைமாற்றித் தருகிறவர்களுக்கும்தான், ஆடுகிறவருக்கு இல்லை. அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி இணையத்தில் சூதாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் மட்டுமே அதிலிருந்து விலக்கியது. ரம்மிக்குப் பக்கத்திலேயே அந்தத் தளம் வைத்திருக்கும் சக்கரம் சுற்றும் ஆட்டத்துக்கு விலக்கு இல்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் சம்பளக் கணக்கு. பணம் போடும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு க்யூஆர் கோடு வருகிறதா? யாரோ ஒரு தனி ஆளின் பெயர் காட்டுகிறதா? அப்படியென்றால் அது வாடகைக்கு எடுத்த கணக்கு. நீங்கள் ஜெயித்ததாக அனுப்பும் 2,000 ரூபாயும் அப்படி ஒரு கணக்கிலிருந்துதான் வரும். அது வேறு ஊரில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், சைபர் கிரைம் போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வரும். ஒருநாள் உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். அதை விடுவிக்க, முன்பின் பார்த்திராத மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு எழுதிக்கொண்டு இருப்பீர்கள். சம்பளமும் அதற்குள்ளேயே கிடக்கும். இப்படி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கட்டுப்பாட்டோடு ஆட வழி சொல்லச் சொன்னால் என்னிடம் இல்லை. பணம் வெளியே போகும் வாசலைப் பூட்டும் வழி இருக்கிறது. பூட்டைக் காலை ஆள் போட வேண்டும், இரவு ஆளால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும்.

சம்பளம் வரும் கணக்கை எல்லா யூபிஐ ஆப்களிலிருந்தும் நீக்குங்கள். வேறொரு வங்கியில் சின்னதாக ஒரு கணக்கு வைத்து, அதை மட்டும் யூபிஐயில் இணையுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாரச் செலவுக்கு மட்டும் அதில் போடுங்கள். பல வங்கிகளின் ஆப்பில் ஒருநாள் யூபிஐ வரம்பை நாமே குறைக்கலாம், 1,000க்குக் கீழே இறக்குங்கள். யூபிஐயில் இணைத்த கிரெடிட் கார்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். "உங்களுக்கு டாப்-அப் லோன் தயாராக இருக்கிறது" என்று மதியம் போன் வரும். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள்.

சேமிப்பை ஆப்பில் போடும் எஃப்.டி.யில் வைக்காதீர்கள், அதை இரவு ஒரு மணிக்கும் உடைக்கலாம். அதற்குப் பதில் தபால் நிலைய ஆர்.டி.யில், அதாவது மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பில் போடுங்கள், அதை மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. உங்கள் நிலைமைக்கு அந்தத் தொல்லைதான் பாதுகாப்பு. மனைவியோடு கூட்டுக் கணக்கு தொடங்கினால், விண்ணப்பத்தில் 'இருவரில் ஒருவர்' என்பதற்கு டிக் போடாமல் 'இருவரும் சேர்ந்து' என்பதற்குப் போடுங்கள். ரெண்டு கையெழுத்து இல்லாமல் பணம் நகராது.

மனைவிக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது என்பது இந்நேரம் புரிந்திருக்கும். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, ஞாயிறு காலையில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது உட்கார்ந்து காட்டுங்கள். தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பாதியை மறைத்தவர்கள் அந்த மீதிப் பாதியை அடைக்கத்தான் மறுபடி ஆடப் போகிறார்கள். கோபப்படுவார், சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது, சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள்.

"விட முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. 14416க்கு அழைத்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும், இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப்பார்த்திருந்தாலும், இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன் அந்த எண்ணுக்கு அழையுங்கள்.

கடன்களுக்கு வருவோம். பர்சனல் லோன் தவணை அதன்போக்கில் போகட்டும். லோன் ஆப் இரண்டையும் முதலில் முடியுங்கள், வட்டியும் கட்டணமும் அங்கேதான் அதிகம். ஒன்றை அடைக்க இன்னொன்றில் வாங்கக் கூடாது. ஆட்டத்துக்கு ஒதுக்க நினைத்த அந்த 3,000ஐ மாதா மாதம் நண்பருக்குக் கொடுத்தால் இருபது மாதத்தில் கைமாற்று தீர்ந்துவிடும். எப்போது தருவேன் என்பதை அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சங்கிலியை இப்போதே மீட்க வேண்டாம், ஆனால் அடகு ரசீதை எடுத்துக் கெடு தேதியைப் பாருங்கள். தேதி நெருங்கியிருந்தால் இந்த வாரமே வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏல நோட்டீஸ் வீட்டு முகவரிக்கு வரும்.